திரௌபதி ரதத்தின் சிறு மாதிரிக்குக் கல் நிறம் ஏற்றுதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். கூரை வேய்ந்த குடிசையின் வடிவைப் பாறையில் எடுத்துக் காட்டும் அந்தக் கோயில் பக்கத்துக்கு ஏறத்தாழ 11 அடியும் உயரத்தில் 18 அடியும் கொண்டது. கட்டடக்கலை முதலாண்டு பயிலும் மாணவி ஒருவர் அதை 1:50 என்ற அளவில், அதாவது சுமார் 11 சென்டிமீட்டர் உயரத்தில், எக்ஸ்பிஎஸ் நுரை அட்டையில் செதுக்கி, கல்லூரிக் கண்காட்சிக்காக வண்ணமும் பூசியிருந்தார். செதுக்கலில் குறை சொல்ல அதிகம் இல்லை. கூரையின் வளைவும், மூலை முகடுகளில் இறங்கும் அணிவேலையும், வாயிலின் இருபுறமும் நிற்கும் காவற்பெண்களும் அந்த அளவுக்கு வேண்டிய தெளிவோடு வந்திருந்தன. ஆயினும் பார்ப்பவர் எவருக்கும் அது கல்லாகத் தோன்றவில்லை. சாம்பல் வண்ணம் பூசிய நுரையாகவே தோன்றியது. அந்த மாதிரி ஏன் அப்படித் தோன்றியது, அதை எவ்வாறு மீட்டோம் என்பதை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். கல் தோற்றத்தை முதன்முறையாக முயலும் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் பிழைகள் இந்த ஒரே பொருளில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்பதே இதை எழுதத் தூண்டிய காரணம்.

முதலில், மாதிரி என் மேசைக்கு வந்தபோது இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். சுவர்களில் பென்சிலை அழுத்தி வரிசை வரிசையாகக் கல் இணைப்புக் கோடுகள் போடப்பட்டிருந்தன. அதன்மேல் கறுப்பையும் வெள்ளையையும் கலந்த ஒரே சாம்பல் வண்ணம் முழுவதும் பூசப்பட்டிருந்தது. அடுத்து, வாஷ் எனப்படும் நீர்த்த கறுப்பு வண்ணம் கூரை முதல் பீடம் வரை தாராளமாக ஊற்றப்பட்டு, தட்டையான இடங்களில் ஓரம் கறுத்த வட்டங்களாகக் காய்ந்திருந்தது. கடைசியாகத் தூய வெள்ளையைக் கொண்டு எல்லாப் பக்கமும் டிரை பிரஷ் செய்ததால், அதாவது வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால் தேய்த்ததால், சுவர்களில் சுண்ணாம்புத் தூள் தேய்த்தாற்போல் கீற்றுகள் விழுந்திருந்தன. பீடத்தின் ஒரு மூலையில் ஸ்பிரே பிரைமர் அடிக்கப்பட்டு, அந்த இடம் மட்டும் குழிகுழியாக உருகியிருந்தது. எக்ஸ்பிஎஸ் என்பது பாலிஸ்டைரீன். கேனில் வரும் பெரும்பாலான ஸ்பிரே வண்ணங்களில் உள்ள கரைப்பான் அதைக் கரைத்துவிடும். தெர்மாகோலுக்கும் இதே கதிதான்.

மாணவியிடம் அவர் எந்தக் கல்லை மனத்தில் வைத்துப் பூசினார் என்று கேட்டேன். "கல்லுன்னா கிரேதானே சார்?" என்றார். அந்த மறுகேள்வியிலேயே நோயின் வேர் தெரிந்தது. அவர் நுட்பங்களைச் சரியான பெயரோடு அறிந்திருந்தார். காணொளிகளில் பார்த்த வரிசையை மாற்றாமல் பின்பற்றியும் இருந்தார். ஆனால் எந்தக் கல், அது எப்படி உருவம் பெற்றது, எத்தனை காலமாக எந்தக் காற்றிலும் மழையிலும் நிற்கிறது என்ற கேள்விகளைத் தொடங்கும்போது எழுப்பிக்கொள்ளவில்லை.

இணைப்புக் கோடுகளையே எடுத்துக்கொள்வோம். கல் சுவர் என்றதும் கோடு போடுவது பழக்கமாகிவிட்டது. மேலைநாட்டுக் கோட்டைச் சுவரையோ, மாமல்லபுரத்திலேயே உள்ள கடற்கரைக் கோயிலையோ செய்தால் கோடு வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், செதுக்கிய கருங்கல் துண்டுகளை அடுக்கி எழுப்பப்பட்ட கட்டடம் அது. ரதங்கள் அப்படியல்ல. அதற்கு முந்தைய நூற்றாண்டில், மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் இவை, இருந்த பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய ஒற்றைக்கல் கோயில்கள். அவற்றில் இணைப்பு என்ற ஒன்றே கிடையாது. ஆகவே சுவரில் விழுந்த ஒவ்வொரு கோடும் பார்ப்பவரிடம், தான் அறியாமலேயே, இது ரதம் அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தது. வண்ணம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இந்தப் பிழையை மறைத்திருக்காது. எனவே முதல் வேலையாக, சுவருக்குப் பூசும் அக்ரிலிக் பட்டியை மெல்லிய தகட்டால் கோடுகளில் நிரப்பி, காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துச் சமன் செய்தோம்.

அடுத்தது நிறம். கிரானைட் ஒரே பொருளால் ஆனதன்று. கண்ணாடிபோல் மங்கிய சாம்பலில் குவார்ட்சும், வெண்மையிலோ இளஞ்சிவப்பிலோ ஃபெல்ட்ஸ்பாரும், கரும்புள்ளியாக மைக்காவும் அதில் கலந்திருக்கின்றன. மாமல்லபுரத்துப் பாறையில் ஃபெல்ட்ஸ்பாரின் இளஞ்சிவப்புச் சாயல் இருப்பதால், மாலை வெயிலில் ரதங்கள் பழுப்பும் செம்மையும் கலந்த ஒரு வெதுவெதுப்பான நிறத்தில் தெரிகின்றன. கறுப்பையும் டைட்டானியம் வெள்ளையையும் மட்டும் கலந்தால் கிடைக்கும் சாம்பலில் நீலச் சாயல் மேலோங்கும். அது சிமென்ட் தரைக்கு அருகில் இருக்குமே தவிர இந்தப் பாறைக்கு அருகில் வராது. கறுப்பைக் கிண்ணத்திலிருந்தே விலக்கிவிட்டு, மண்பழுப்பான ரா அம்பர், செம்பழுப்பான பர்ன்ட் அம்பர், காவிமஞ்சளான யெல்லோ ஓக்கர், டைட்டானியம் வெள்ளை, மிகச் சிறிதளவு அல்ட்ராமரின் நீலம் ஆகிய ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டோம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் கறுப்புக்கு நிகரான இருட்டு கிடைக்கும். அந்த இருட்டைச் செம்மை பக்கமோ நீலம் பக்கமோ வேண்டியபடி சாய்க்கவும் முடியும். தொடக்கநிலையினருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் மாற்றம் இது ஒன்றே. குப்பியில் 'ஸ்டோன் கிரே' என்று வருவதை வாங்க வேண்டிய அவசியமே எழாது.

பூச்சு வேலையை அடைப்புப் பூச்சிலிருந்து தொடங்கினோம். நுரையின் மேல் நேராக வண்ணம் பூசினால் நுண்துளைகளில் அது சீராக இறங்காது. விரல் நகம் பட்டாலே தடமும் விழும். வெள்ளைப் பசையையும் அடர்ந்த பழுப்பு அக்ரிலிக்கையும் சம அளவில் கலந்து, சிறிது நீர் விட்டு, இரண்டு முறை பூசினோம். இந்தப் பூச்சே பிரைமராகவும், பள்ளங்களின் நிரந்தர நிழலாகவும் அமைகிறது. பின்னால் வரும் எந்தப் பூச்சு எங்கே எட்டாமல் போனாலும் அங்கே வெள்ளை நுரை தெரியாது, நிழல்தான் தெரியும். முதல் பூச்சு முற்றும் காய்வதற்குள் இரண்டாவதைப் பூசினால், கீழ்ப்பூச்சு தோலாகக் கிளம்பி வந்துவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பசை கலந்த பூச்சு காயக் கூடுதல் நேரம் எடுக்கும்; மின்விசிறிக் காற்றில் வைத்துக் காத்திருப்பதே நல்லது. ஹேர் டிரையரை அருகில் பிடித்தால் நுரை வளைந்துவிடும்.

இதன்மேல் வந்த படிதான் இந்த நிகழ்வின் திருப்புமுனை. மாணவியின் முதல் முயற்சியில் ஒரே சாம்பலின் மேல் வாஷும் டிரை பிரஷ்ஷும் வந்தன. இந்த இரண்டு நுட்பங்களும் என்ன செய்கின்றன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வாஷ் என்பது பள்ளத்தைத் தேடி ஓடும் நிறம். டிரை பிரஷ் என்பது மேட்டில் மட்டும் ஒட்டும் நிறம். இரண்டுமே ஏற்கெனவே உள்ள மேடுபள்ளத்தை எடுத்துக்காட்டுகின்றன. மேடும் பள்ளமும் இல்லாத சமதளச் சுவரில் அவற்றுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், வாஷ் குட்டையாகத் தேங்குகிறது, டிரை பிரஷ் கீற்றாக இழுபடுகிறது. கல்லின் நிற வேறுபாட்டை இந்த இரண்டும் தர முடியாது. அந்த வேறுபாடு அவற்றுக்குக் கீழே, அடிநிறத்திலேயே இருந்தாக வேண்டும். தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பாலானவை அடிநிறம், வாஷ், டிரை பிரஷ் என்ற மூன்று படிகளோடு நின்றுவிடுவதால், பிசகு எங்கே என்று தெரியாமல் பலர் வாஷை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நுட்பமான உருவ வேலைப்பாடு நிறைந்த சிறு பொம்மைகளில் அந்த மூன்று படி போதும். அகன்ற சுவருள்ள கட்டட மாதிரியில் போதாது.

ஆகவே அடிநிறத்தை ஒரே கலவையாகப் பூசாமல், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிழித்தெடுத்த துண்டுகளால் ஒற்றினோம். வெட்டிய ஸ்பாஞ்சின் நேர் விளிம்பு தடம் காட்டிக்கொடுக்கும். கிழித்ததன் ஒழுங்கற்ற முகமே பயன்படும். நடுத்தரப் பழுப்புச் சாம்பல் ஒன்று, அதைவிடச் செம்மை கூடியது ஒன்று, நீலம் ஒரு துளி கூடியது ஒன்று என மூன்று கலவைகளை, வெளுப்பிலும் அடர்விலும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக வைத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று முழுவதும் மூடாதபடி ஒற்ற வேண்டும். நெருக்கம் முக்கியம். கலவைகளுக்கிடையே அடர்வு வேறுபாடு அதிகமானால் சுவர் படைவீரர் சீருடைபோல் திட்டுத்திட்டாகிவிடும். சாயலில் வேறுபாடு, அடர்வில் ஒற்றுமை என்பதே இங்கே விதி. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால், சரியாக ஒற்றிய சுவர் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும், திட்டுகள் அப்போதும் உரக்கத் தெரிந்தால் கலவைகளைத் திருத்த வேண்டும். மாணவி இந்தச் சோதனையை விரும்பிச் செய்தார். தம் பழைய சுவரின் படத்தையும் அருகில் வைத்துப் பார்த்தபோது, அதில் வாஷ் வட்டங்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை அவரே கண்டுகொண்டார்.

வாஷின் ஓர வட்டங்களுக்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. காயும் துளியின் ஓரம் பரப்பில் ஒட்டி நின்றுவிடுகிறது. ஓரத்தில் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. நிறத்துகள்களையும் உடன் கொண்டு சேர்க்கிறது. காப்பிக் கறை ஏன் வளையமாகக் காய்கிறது என்பதை இவ்வாறு விளக்கிய ஆய்வு 1997-இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை தெளிவானது: துளி தேங்கவே விடக்கூடாது. ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டு முதல் பத்துப் பங்கு நீர் சேர்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் குச்சி நுனியளவு தொட்டுக் கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து வாஷ் பள்ளத்துக்குள் தானே வழியும். அதையும் எல்லா இடத்திலும் ஊற்றாமல், மாடங்களின் உள்மூலை, கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இறவாரத்தின் அடி, காவற்பெண் உருவங்களின் சுற்றுக்கோடு ஆகிய இடங்களில் மட்டும் சிறு தூரிகையால் வைத்தோம். சமதளத்துக்கு வழிந்ததை, ஈரமாக இருக்கும்போதே, கழுவித் துடைத்த இன்னொரு தூரிகை உறிஞ்சி எடுத்தது. பாதி காய்ந்த நிலையில் மட்டும் கை வைக்கக்கூடாது. வைத்தால் கிழிந்த ஓரம் ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிடும்.

டிரை பிரஷ் செய்யும்போது தூய வெள்ளை கிண்ணத்தில் இருக்கவே கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தோம். அடிக்கலவைகளில் நடுவானதில் யெல்லோ ஓக்கரும் சிறிது வெள்ளையும் சேர்த்து வெளிறவைத்து, அகன்ற, மிருதுவான, வட்டமுனைத் தூரிகையில் தொட்டு, தாளில் துடைத்து, புறங்கையில் தேய்த்தால் தோலின் ரேகை மட்டும் மெல்லத் தெரியும் அளவுக்குக் குறைத்தபின் மாதிரியைத் தொட்டோம். தூரிகை முற்றிலும் வறண்டிருந்தால் தூள் படிந்த தோற்றம் வரும். ஈரமான ஸ்பாஞ்சில் ஒருமுறை தட்டி எடுத்த தூரிகை, மயிரில் மிகச் சிறிது ஈரம் இருப்பதால், இழுவைகளை ஒன்றோடொன்று கலக்கச் செய்யும். எங்கே தேய்ப்பது என்பதையும் இடம்தான் தீர்மானிக்கிறது. உப்புக் காற்றும் மணலும் நூற்றாண்டுகளாக வீசிய கல்லில் விளிம்புகள் மழுங்கியே இருக்கும். கோட்டைப் பொம்மைகளில் செய்வதுபோல் ஒவ்வொரு விளிம்பிலும் கூரிய வெளிர்க்கோடு இழுத்தால், அது நேற்று உளி பட்ட கல்லாகிவிடும். ஆகவே கூரை முகடுகளிலும் பீடத்தின் மேல்விளிம்பிலும் மட்டும் அகலமான, மங்கலான வெளிச்சம் ஏற்றி, செங்குத்து விளிம்புகளைத் தொடாமல் விட்டோம். ரதம் மேற்கு நோக்கியது என்பதால் வாயில் பக்கத்துக்கு ஓக்கர் சற்றுக் கூடவும் மறுபக்கத்துக்கு அந்த நீலம் கூடிய கலவை சற்றுக் கூடவும் அமைத்தோம். பார்வையாளர் காரணம் அறியாமலேயே அதை மாலை வெயிலாக உணர்வார்.

கிரானைட் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பல்துலக்கும் பிரஷ்ஷால் புள்ளி தெறிப்பது. மாணவிக்கும் அதில் பெரும் ஆர்வம் இருந்தது. இங்கே அளவுக் கணக்கு கைகொடுக்கிறது. பாறையில் உள்ள ஒரு கனிமத் துகள் 5 மில்லிமீட்டர் என்று கொண்டால், 1:50 அளவில் அது 0.1 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தனிப்புள்ளியாகத் தெரியவே தெரியாது. பிரஷ்ஷிலிருந்து தெறிக்கும் துளி அரை மில்லிமீட்டர் இருந்தாலும், அது உண்மைப் பாறையில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள புள்ளிக்குச் சமம். அப்படிப்பட்ட பாறை அங்கே இல்லை. சமையலறை மேடைக்குப் பதித்த மெருகேற்றிய பலகையை அருகில் பார்த்த நினைவே இந்த ஆசையைத் தூண்டுகிறது. ஆகவே இந்த மாதிரியில் தெறிப்பைத் தவிர்த்தோம். 1:10 அளவில் ஒரு தூணையோ சிற்பத்தையோ செய்பவர் தாராளமாகத் தெறிக்கலாம். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி நுரையில் சொரசொரப்பு ஏற்றும் பிரபலமான உத்திக்கும் இதே கணக்கு பொருந்தும்: ஒரு மில்லிமீட்டர் குழி என்றால் உண்மையில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம். செதுக்கி முடித்த சுவருக்கு அது மிகை. கீழே உள்ள செதுக்காத பாறைத்தளத்துக்கு மிகப் பொருத்தம். ஸ்பிரேயால் உருகிய அந்த மூலையையும் தளத்தின் ஒழுங்கற்ற பாறையாக மாற்றி, மற்ற பகுதியை அலுமினியத் தாளால் அதற்கு இணையாக்கினோம்.

கல்லைக் கல்லாக்கியவை, என் மதிப்பீட்டில், கடைசியாக வந்த மழைத்தாரைகள்தாம். நம் ஊர்க் கோயில் எதன் வெளிச்சுவரை நோக்கினாலும், மழைநீர் வழியும் பாதைகளில் நுண்ணுயிர்களும் பாசியும் படர்ந்து கருத்த பட்டைகள் இறங்குவதைக் காணலாம். அவை எங்கும் தற்செயலாக அமைவதில்லை; நீர் கூடும் இடத்தில் தொடங்கி, புடைப்பு எதிர்ப்பட்டால் விலகி, இறவாரத்தின் நிழலில் மழை படாத பகுதியைத் தொடாமல் விட்டுவிடும். மாணவியிடம் ஒரு துளிமருந்துக் குழாயைக் கொடுத்து, கூரை முகட்டில் வெறும் நீரை விட்டு அது எப்படி வழிகிறது என்று பார்க்கச் சொன்னேன். மாதிரியே தன் மழைப்பாதையைக் காட்டியது. நீர் காய்ந்தபின் அந்தப் பாதைகளில், பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் கலந்து நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தால் மிக மெலிதாக்கிய கிளேஸை, அதாவது அடிநிறம் ஊடே தெரியும் மென்பூச்சை, மேலிருந்து கீழாக இழுத்து, ஈரம் இருக்கும்போதே கீழ்முனையைச் சுத்தமான தூரிகையால் மங்கச் செய்தார். ஒரே முறையில் வேண்டிய கருமையை எட்ட முயலாமல், தெரிந்தும் தெரியாமலும் உள்ள பல மென்பூச்சுகளாக ஏற்றியதால் தாரைகளின் ஓரம் கோடாகத் தெரியவில்லை. கூரையில் கருமை கூடி, மாடத்துத் துர்க்கை உருவங்கள் இருக்கும் உள்ளிடங்கள் வெளிறி நின்றபோது, சுவருக்கு முதன்முறையாக வயது வந்தது.

அடியில் மணல் ஏறிய சாயலுக்கு, மென் பாஸ்டல் குச்சியின் ஓக்கர் நிறத்தைக் கத்தியால் சுரண்டிய தூளை உலர்ந்த தூரிகையால் பீடத்தின் கீழ்ப்பகுதியில் தட்டினோம். வார்னிஷ் பட்டால் இத்தூள் பாதிக்கு மேல் மறைந்துவிடும். அதை எதிர்பார்த்தே சற்று மிகையாகப் போட வேண்டும், அல்லது வார்னிஷுக்குப் பிறகு போட்டுவிட்டுக் கை படாமல் காக்க வேண்டும். கண்காட்சியில் கைகள் படும் என்பதால் முதல் வழியைத் தேர்ந்தோம். ஸ்பிரே வார்னிஷை ஈரக்காற்றில் அடித்தால் வெண்படலம் பூக்கும் அபாயம் உண்டு; நீரில் கலக்கும், பளபளப்பற்ற மேட் வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசினோம்.

மேட் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெயிலில் நிற்கும் கல்லில் பளபளப்பு இருந்தால் அது பிளாஸ்டிக்காகிவிடும். விதிவிலக்கு, வழிபாட்டில் உள்ள கருவறைத் திருமேனிகள்: எண்ணெய்க் காப்பு ஏற்று ஏற்றுக் கறுத்து மின்னும் மூலவர் சிலையைச் செய்பவர், அடர்ந்த கருநிறத்தின் மேல் மிதமாக மின்னும் சாட்டின் வார்னிஷைத் துணிந்து பயன்படுத்த வேண்டும்; அங்கே டிரை பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. பளிங்கும் அவ்வாறே தனி வழியில் செல்வது. வெண்மையின் மேல் மிக மெல்லிய கிளேஸ்களுக்கிடையே நரம்புகளைப் புதைத்து, கடைசியில் மெருகு ஏற்றுவது அதன் முறை. கல் என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபாடுகள் இருப்பதால், ஒரு கல்லுக்குக் கற்ற படிவரிசையை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும்முன் அந்தக் கல்லின் நிழற்படங்களையாவது பகல் வெளிச்சத்தில் எடுத்தவையாகத் தேடிப் பார்ப்பது நல்லது.

முடிந்த மாதிரியை டியூப்லைட்டிலும் சாளரத்து வெளிச்சத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். வெண்மையான செயற்கை வெளிச்சத்தில் செம்மைச் சாயல் குறைந்து, நீலம் கூடிய பக்கம் ஓரளவு சிமென்ட்டை நினைவூட்டியது. கண்காட்சி அரங்கின் விளக்குகள் அத்தகையவை என்று தெரிந்ததால், அந்தப் பக்கத்தில் மட்டும் பர்ன்ட் அம்பர் கிளேஸ் ஒன்றைக் கூடுதலாக ஏற்றினோம். பகல் வெளிச்சத்தில் அது சற்றே மிகையாகத் தெரிகிறது என்பது உண்மைதான். வைக்கப்போகும் இடத்துக்கு ஏற்பப் பூசுவதே முறை என்ற கருத்தில் அதை அப்படியே விட்டோம்.

ரதத்தின் முன் நிற்கும் ஒற்றைக்கல் சிங்கம் இன்னும் பூசப்படவில்லை. அதை மாணவி தனியாகவே செய்யவிருக்கிறார். பிடரியும் தசை மடிப்புகளும் நிறைந்த உருவம் என்பதால், அதில் வாஷும் டிரை பிரஷ்ஷும் சுவரில் செய்ததைவிட அதிக வேலை செய்யும். ஸ்பாஞ்ச் ஒற்றலை அதன் முதுகோடும் பக்கங்களோடும் நிறுத்திக்கொண்டு, ரதத்துக்குக் கலந்த அதே மூன்று கலவைகளை மூடியிட்ட டப்பாவில் காயாமல் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும் என்று மட்டும் குறித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பாறைத்தொடரிலிருந்து வந்தவை என்பது நிறத்தில் தெரிய வேண்டும்.